சீதனம்

பெண்ணுக்குரிய செல்வம் எனப் பொருள்படும் 'ஸ்திரீதனம்' என்னும் வடசொல்லின் திரிபாகிய சீதனம், இன்றைய வழக்கில் மாப்பிள்ளை வீட்டார் கேட்டுப் பெறும் வரதட்சணையோடு கலந்துவிட்டதாயினும், 1707-இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாணத் தேசவழமை என்னும் வழக்காற்றுச் சட்டத்தில், தம்பதியர் ஈட்டும் 'தேடியதேட்டத்தின்' வேறாக, மனைவிக்கே உரிய தனிச்சொத்தைக் குறித்தது. 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மணமுறிவோ நீதிமன்றப் பிரிவோ வேண்டாமலே, மனைவியின் தனிச்சொத்தைக் கணவன் பட்ட கடனுக்குப் பொறுப்பாகாதபடி விலக்கிவைத்தது. ஆனால் அவளுடைய நிலத்தைப் பயிரிடவோ வீட்டைப் பழுதுபார்க்கவோ அவன் வாங்கிய கடனுக்கு அவ்விலக்கு இல்லை. அந்நிலத்தை விற்கக் கணவனின் எழுத்துவழி இசைவை அதே சட்டம் அவளிடம் கேட்டது.