வீடின்மையும் அதைச் சுட்டும் சொற்களும்: கோலார் தங்கவயல்

வீடற்றவரையும் வீட்டுரிமை இல்லாதவரையும் ஊரார் எப்படி நடத்துகிறார்கள் என்பது பெரும்பாலும் அவர்களுக்கு வைக்கும் பெயரைப் பொறுத்தே அமைகிறது. ஒருவரைத் தொழிலாளி என்றால் கூலியும் குடியிருப்பும் பேச்சில் வரும். ஆக்கிரமிப்பாளர் என்றால் நோட்டீஸ் வரும். பிச்சைக்காரர் என்றால் காவலர் வருவார். கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் இதற்குத் தெளிவான சான்று.

1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்கத் தொழிலை விரிவாக்கியது. வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். கம்பெனி அவர்களுக்கு ஒதுக்கிய வரிசைக் குடியிருப்புகளுக்கு 'லைன்' என்று பெயர். மூங்கில் தட்டியால் அடைத்த ஓர் அறைக்குள் ஒரு குடும்பமே வாழ்ந்தது, தண்ணீருக்குப் பொதுக்குழாய். வீடு வேலையோடு சேர்ந்தது, வேலை போனால் வீடும் போகும். தங்கத்தைத் திருடிவிடுவார்கள் என்ற சந்தேகமும் நிர்வாகத்தின் கண்ணில் எப்போதும் இருந்தது. 1930-இல் கைரேகை வைத்துத் தொழிலாளரைப் பதிவு செய்ய முயன்றபோது ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். குற்றவாளியைப் போல நடத்தப்படுவதையே அவர்கள் எதிர்த்தனர்.

1956-இல் மைசூர் அரசின் கைக்கு வந்த சுரங்கங்கள் 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனமாயின. 2001 பிப்ரவரி 28-இல் அவை மூடப்பட்டன. வேலை போன பிறகும் பல குடும்பங்கள் லைன்களிலேயே தங்கின. பலர் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தனர். பொது வளாகங்களிலிருந்து வெளியேற்றுவதற்கான 1971-ஆம் ஆண்டுச் சட்டம், அனுமதிக்காலம் முடிந்தபின் அரசு நிறுவனத்தின் வீட்டில் தங்குபவரை 'அனுமதியற்ற குடியிருப்பாளர்' என்கிறது. மூன்று தலைமுறையாக அதே வாசலில் கோலம் போட்டு வந்த குடும்பத்துக்கும் சட்டத்தில் அதே பெயர்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் சுமார் 17.7 லட்சம் பேரை வீடற்றோர் என்று பதிந்தது. நடைபாதை, மேம்பாலத்தடி, ரயில் நிலையம் போன்ற இடங்களில் தங்குபவரே அதில் சேர்வர். கூரைக்குக் கீழே இருந்தும் அந்த இடத்தில் உரிமை இல்லாதவருக்கு அதில் இடமில்லை. வாழுமிடத்திலிருந்து விரட்டப்படாமல் இருக்கும் சட்டப் பாதுகாப்பைத் தகுந்த வீட்டின் முதல் அங்கமாக 1991-இல் ஐக்கிய நாடுகளின் குழு ஒன்று வரையறுத்தது. லைன்களின் நிலையைப் புரிந்துகொள்ளக் கணக்கெடுப்பைவிட இந்த வரையறையே பொருத்தமானது.

தெருவுக்கே வந்துவிட்டவர்களை ஊர்ப்பேச்சு பரதேசி, சோம்பேறி என்கிறது. இந்த மனப்பான்மை சட்டத்திலும் உண்டு. வெளிப்படையான பிழைப்பு எதுவுமின்றிப் பொதுவிடத்தில் திரிபவரையும், பிச்சையெடுத்தே வாழ்பவர் போலத் தோன்றினால், கர்நாடகத்தின் 1975-ஆம் ஆண்டு இரவலர் தடைச் சட்டம் பிச்சைக்காரர் வரையறைக்குள் கொண்டுவருகிறது. அவர்களைப் பிடித்து வைக்கும் மையங்களுக்காகச் சொத்துவரியோடு 3 சதவீத மேல்வரி வசூலாகிறது. பெங்களூரு மாகடி சாலையில் உள்ள மையத்தில் 2010 ஆகஸ்டில் அடுத்தடுத்துப் பலர் இறந்தது பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவுகளை 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்நகரைப் பொறுத்தவரை நீக்கியது. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் திட்டம் இதே மக்களை 'நகர்ப்புற வீடற்றோர்' என்று குறிப்பிட்டு, அவர்களுக்குக் காப்பகமும் படுக்கையும் அளிக்க வழிசெய்தது.