அரை நாள் அரியணை

தோழர்களே, பள்ளிப் பாடநூலில் ஹுமாயூனுக்குக் கிடைப்பது ஒரு பக்கம்தான். பாபருக்கும் அக்பருக்கும் நடுவே நாட்டைப் பறிகொடுத்த மன்னர், நூலகப் படிக்கட்டில் தவறி விழுந்து இறந்தவர். தேர்வுக்கு இது போதும். நமக்குப் போதாது.

1530 டிசம்பரில், 22 வயதில், அவர் ஆக்ராவில் முடிசூடினார். தந்தை விட்டுச்சென்ற ஆட்சி இன்னும் வேரூன்றவில்லை. தம்பி கம்ரான் காபூலோடு பஞ்சாபையும் தன் பிடியில் வைத்துக்கொண்டார். ஹுமாயூன் 1535இல் குஜராத்தை வென்றார். அடுத்த ஆண்டே இழந்தார். 1538இல் வங்காளத்தின் கௌர் நகரைப் பிடித்து, மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டார். அதற்குள் ஆப்கானியத் தலைவர் ஷேர் கான் திரும்பும் வழியை அடைத்துவிட்டார்.

1539 ஜூன் 26. பீகாரின் சௌசா. கங்கையில் கர்மநாசா கலக்கும் இடத்துக்கு அருகே உள்ள ஊர். தொட்டாலே புண்ணியம் அழியும் என்று சாதி இந்துக்கள் ஒதுக்கிவைத்த ஆறுதான் கர்மநாசா. அதிகாலையில் ஷேர் கானின் படை பாய்ந்தது. முகலாயர் முகாம் சிதறியது. தப்பிக்கக் கங்கையில் இறங்கிய மன்னரை வெள்ளம் இழுத்தது. அவரைக் கரைசேர்த்தவர் நிஜாம் என்ற பிஷ்டி. பிஷ்டி என்றால் தோல்பையில் தண்ணீர் சுமப்பவர். காற்றடைத்த அந்தத் தோல்பைதான் பேரரசரின் உயிரைக் காத்தது.

ஆக்ரா திரும்பிய ஹுமாயூன், நன்றிக்கடனாக நிஜாமை அரியணையில் அமர்த்தினார். அரை நாள் என்கிறார் அபுல் ஃபசல். இரண்டு நாள் என்கிறார் மன்னரின் சகோதரி குல்பதன் பேகம். கம்ரானுக்கோ பொறுக்கவில்லை. வேறு ஏதாவது பரிசு கொடுத்திருக்கலாமே, அரியணையிலா உட்காரவைப்பது என்று கேட்டாராம்.

இதை மன்னரின் பெருந்தன்மைக் கதையாகவே இன்றும் சொல்கிறார்கள். நாம் நிஜாமின் பக்கமிருந்து பார்ப்போம். கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொண்டார். பிரிட்டிஷ் காலத்திலும் பிஷ்டிகள் அதே தோல்பையைத்தான் சுமந்தார்கள். தயவால் வரும் அதிகாரம் தயவு தீரும்வரைதான். 1927இல் மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் மக்களும் தண்ணீர் அள்ளியபோது யாருடைய தயவையும் கேட்கவில்லை. உரிமை என்று சொல்லி அள்ளினார்கள்.

இதே வரலாற்றில் தண்ணீர் வேலை செய்த இன்னொருவரும் உண்டு. அவர் பெயர் ஜௌஹர். மன்னருக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றும் ஊழியர். 1540இல் கன்னோஜிலும் தோற்று ஹுமாயூன் ஓடியபோது, சிந்துப் பாலைவனத்துக்கும் பாரசீகத்துக்கும் உடன் போனவர். பல ஆண்டுகள் கழித்து, 1587இல், தான் பார்த்ததை எழுதத் தொடங்கினார். பாலைவனத்தில் மன்னரின் கூட்டம் தாகத்தால் தவித்ததை எழுதினார். 1553இல் கம்ரானின் கண்கள் குருடாக்கப்பட்டதையும் எழுதினார். அவர் கலகக்காரர் அல்லர், விசுவாசமான ஊழியர்தான். ஆனாலும், 1555இல் டெல்லியை மீட்டு அடுத்த ஆண்டே இறந்துபோன அந்த மன்னரை இன்று நாம் அறிவதில் பெரும்பங்கு அவர் எழுத்துக்கு உண்டு. குல்பதனும் அப்படித்தான். சௌசாவில் காணாமற்போன பெண்களைப் பெயர் சொல்லிப் பதிவுசெய்தார். மன்னரின் சிறுமகள் அகீகாவும் அவர்களில் ஒருத்தி.

நிஜாம் எழுதவில்லை. ஆகவே அந்த அரை நாளில் அவர் என்ன நினைத்தார் என்பது நம்மிடம் இல்லை. மன்னர் என்ன நினைத்தார் என்பது மட்டும் இருக்கிறது. உங்கள் தாத்தாவும் பாட்டியும் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாமல் நின்றார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? இந்த விடுமுறையில் கேளுங்கள். கேட்டதை எழுதிவையுங்கள்.