ஏழரை ராத்தல் எடை

தி.ஜ.ர.வின் ‘குமாயுன் புலிகள்’ மொழிபெயர்ப்பு வழியாகத்தான் தமிழ் வாசகர்களில் பலர் ஜிம் கார்பெட்டை அறிந்தோம். அந்நூலைப் படிக்கையில் நம் கண் புலியை விட்டு அகலுவதில்லை. அவர் கையிலிருந்த துப்பாக்கியைக் கவனிக்க மறந்துவிடுகிறோம். ஆனால் மலையில் நடந்து வேட்டையாடும் ஒருவனுக்கு எந்தத் துப்பாக்கி பொருந்தும் என்பது கருவியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. உயிரைப் பற்றிய கேள்வியுமாகும்.

1907இல் சம்பாவத் பெண்புலியைத் தேடிப் புறப்பட்டபோது கார்பெட் ஏந்தியிருந்தது கனத்த .500 ரைஃபிள். அப்புலிக்குப் பலியானோர் 436 பேர் என்பது கணக்கு. சுடுவதற்கு இரண்டு, அவசரத்துக்கு ஒன்று என மூன்றே தோட்டாக்களை அவர் எடுத்துச் சென்றார். மூன்றும் தீர்ந்த பின்னும் புலி சாகவில்லை. தாசில்தாரின் பழைய துப்பாக்கியை ஓடிச்சென்று வாங்கிவந்துதான் வேலையை முடிக்க நேர்ந்தது. அந்த வேட்டைக்காக ஐக்கிய மாகாணங்களின் துணை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் அவருக்கு அளித்த பரிசு, லண்டன் ரிக்பி நிறுவனத்தின் .275 ரைஃபிள், ஐந்து தோட்டாக்கள் கொள்ளும் மாசர் வகை. எடை ஏறத்தாழ ஏழரை ராத்தல்.

இதன் தோட்டா வேட்டைக்கெனப் பிறந்ததன்று. 1892இல் ஜெர்மனியின் மாசர் நிறுவனம் படைகளுக்காக உருவாக்கிய ஏழு மில்லிமீட்டர் தோட்டா அது. 1899இல் தொடங்கிய போயர் போரில் அதன் துல்லியத்தைப் பிரிட்டிஷ் படையினர் எதிர்முனையில் நின்று அனுபவித்தார்கள். அதையே ரிக்பி நிறுவனம் அங்குல அளவில் பெயர் மாற்றி .275 என்று விற்றது. பகைவனின் தோட்டா ஆங்கில வேட்டைக்காரனின் விருப்பத் தோட்டாவானது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

அது மலைக்குப் பொருந்திய காரணம் எளியது. குமாவோன் மலைகளில் கார்பெட் யானைமேல் அமர்ந்து வேட்டையாடவில்லை. நாள்முழுதும் ஏறியும் இறங்கியும் நடந்தார். பத்து ராத்தலுக்கு மேற்பட்ட இரட்டைக்குழல் ரைஃபிளைச் சுமந்து ஓர் ஏற்றத்தை முடித்தவனின் மூச்சு சீராவதற்குள் விலங்கு மறைந்துவிடும். எடையைக் குறைத்தால் போதுமே என்றால், அதற்கும் விலையுண்டு. தோட்டாவின் விசை மாறாமல் துப்பாக்கி மட்டும் இலேசானால் தோளில் விழும் உதை கூடும். உதைக்கு அஞ்சும் கை விசையைச் சீராக இழுக்காது. ஆகவே இலேசான துப்பாக்கிக்கு மிதமான தோட்டாவே துணை. 140 கிரெயின், அதாவது ஒன்பது கிராம் எடையுள்ள .275 குண்டு இந்தச் சமன்பாட்டில் சரியாக அமைந்தது.

துப்பாக்கியை வாங்கியதோடு வேலை முடிவதில்லை. அதை மலைக்குப் பழக்க வேண்டும். மழைக்காலத்தில் மரக்கட்டை ஈரம் குடித்து உப்பிக் குழலை அழுத்தினால் குறி விலகும். ஆகையால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்துகொள்வது முறை. சரிவில் மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும், சமதளத்துக்குப் பழகிய குறி சற்று உயரவே பாயும்; இதை அறியாதவன் இலக்கைத் தவறவிடுவான். கை இரண்டும் பாறையைப் பற்றவேண்டிய இடங்களில் தோள்வார் இன்றியமையாதது. மாசர் அமைப்பில் நகம்போன்ற பிடிப்பான் தோட்டாவின் அடியைக் கவ்விக்கொள்வதால், துப்பாக்கியை எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் தோட்டா நழுவாமல் உள்ளே போகும்.

இவை அனைத்தின் பொருளும் 1930 ஏப்ரல் 11ஆம் நாள் விளங்கியது. சௌகட் பெண்புலியைத் தேடிச்சென்ற கார்பெட்டின் இடக்கையில் வழியில் எடுத்த இரண்டு பறவை முட்டைகள், வலக்கையில்.275. ஒரு பெரும்பாறையைக் கடந்து திரும்பிப் பார்த்தபோது எட்டடி தூரத்தில் புலி படுத்திருந்தது. சட்டென்று திரும்பினால் பாய்ந்துவிடும். ஒற்றைக் கையால் துப்பாக்கியை மார்புக்குக் குறுக்கே மெல்ல மெல்லச் சுழற்றி, கை முழுதும் நீண்ட நிலையில் சுட்டார். முட்டைகள் உடையவில்லை, அவற்றைக் கூட்டிலேயே திரும்ப வைத்தார். தாம் பிழைத்ததற்கு அவரே காரணம் எண்ணுகிறார்: முட்டைகள் இருந்ததால் இரு கைகளாலும் துப்பாக்கியைப் பற்றித் திரும்ப முயலவில்லை, துப்பாக்கி இலேசாக இருந்ததால் ஒற்றைக் கையால் அசைக்க முடிந்தது, ஆட்கொல்லியானபடியால் புலி விலகிப் போகவில்லை.

இலேசான துப்பாக்கி எப்போதும் சிறந்தது என்று இதிலிருந்து கொள்ளலாகாது. 1938இல் தாக் புலியை வீழ்த்தக் கார்பெட் எடுத்தது கனத்த .450/400 இரட்டைக்குழல்தான். சிறிய குண்டு பெரிய விலங்கைக் காயத்தோடு தப்பவிட்டால், அக்காயத்தின் கணக்கைத் தீர்ப்பவன் அடுத்துப் புல்லறுக்கச் செல்லும் மலைவாசி. ஆட்கொல்லிகளில் பலவும் அத்தகைய பழைய காயங்களாலேயே மனிதனை நாடின என்று எழுதியவரும் கார்பெட்தான். எடையைக் குறைத்துக்கொள்பவன், உறுதியில்லாத இடத்தில் சுடாமலிருக்கும் பொறுமையைக் கூட்டிக்கொண்டாக வேண்டும்.

பிற்காலத்தில் அவர் கையில் துப்பாக்கியைவிட ஒளிப்படக்கருவியே மிகுதியாக இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அம்மலைகளில் வேட்டைத் துப்பாக்கிக்கு இடமில்லாமல் போயிற்று. அந்த .275 மட்டும் மீண்டும் ரிக்பி நிறுவனத்திடம் சேர்ந்து, 2016இல் ஒருமுறை இந்தியாவுக்கு வந்து சென்றது. இம்முறை மக்கள் பார்ப்பதற்காக.