மார்புத் தசைகள்

மார்புக் கூட்டின் முன்புறம் அமைந்து கையை அசைக்கவும் மூச்சுவிடவும் உதவும் தசைகள். இவற்றுள் பெரியது பெருமார்புத்தசை. காறை எலும்பு, மார்பெலும்பு, மேல் விலாக்களின் குருத்தெலும்பு ஆகியவற்றில் விசிறிபோல் விரிந்து தொடங்கி, மேற்கை எலும்பில் குவிந்து முடிகிறது. கையை உடலோடு அணைப்பதும் உட்புறம் திருப்புவதும் இதன் வேலை. யாழ்ப்பாணத்துப் புத்தூர்ச் செம்மண் தோட்டக் கிணற்றில் துலாக்கொடியைக் கீழே இழுக்கும்போது, உயர்ந்த கையை முதுகின் அகன்ற தசையோடு சேர்ந்து இறக்குவது இதுதான். அக்குளின் முன்மடிப்பைப் பிடித்துப் பார்த்தால் இறுகுவது தெரியும். அடியிலுள்ள சிறுமார்புத்தசை 3 முதல் 5 வரையான விலாக்களிலிருந்து தோள்பட்டை எலும்புக்குச் செல்கிறது. விலாவிடைத் தசைகள் மூச்சுக்குரியவை.

இந்த உடற்கூற்றைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று யாழ்ப்பாணத்தில் செய்து காட்டியவர் மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவரது ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. தமிழ் மருத்துவக் கல்வியில் அதற்கு இணையான துணிவு அரிது.