கொடிக்கு ஏற்ற பந்தல்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, தோட்டக்கலை பற்றிய ஆங்கில நூலொன்றில் 'பெர்கோலா' என்னும் சொல் எதிர்ப்பட்டது. லத்தீன் மொழியில் சுவரினின்று முன்னே நீண்ட இறவாரத்தைக் குறித்துப் பின்னர் இத்தாலியில் கொடி படரும் நிழல்நடைக்குப் பெயராகிய சொல் அது. அதற்கு ஈடு தேடி நான் அகராதியைப் புரட்டவில்லை. 'பந்தல்' என்று எழுதி மேலே சென்றேன்.

இச்சொல் எல்லை அறியாதது. களியக்காவிளையைக் கடந்து பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை செல்வோர், எல்லைக்கு இருபுறமும் ஒரே செம்மண்ணையும் ஒரே தென்னையையும் காண்பர். நம் புடலங்காய் அங்கே படவலங்ஙா; நம் பாகற்காய் அங்கே பாவய்க்கா. அவை தொங்கும் பந்தலுக்கு மட்டும் இரு மொழியிலும் பெயர் ஒன்றே.

இந்த ஒற்றுமைக்கு வரலாறு உண்டு. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும், பொதிய மலைக்குரிய ஆயையும் சிறுபாணாற்றுப்படை ஒரே வரிசையில் வைத்துப் போற்றுகிறது. அந்த ஆய் மரபினர் பிற்காலத்தில் விழிஞத்தையும் அதைச் சூழ்ந்த தென் நாட்டையும் ஆண்டனர். அம்மரபின் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டில் அளித்த பார்த்திவபுரச் செப்பேடு தமிழிலேயே அமைந்துள்ளது. நெடுங்காலம் திருவிதாங்கூர் என்னும் ஓராட்சியில் இருந்த இந்நிலத்தை 1956 நவம்பர் 1 பிரித்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் கோரிக்கையில் இடம்பெற்றிருந்தும், நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் எல்லைக்கு அப்பாலும் வாழலாயின.

இனி, இல்லத் தோட்டத்திற்கு எவ்வகைப் பந்தலைத் தேர்வது? பாரியின் தேரைத் தமிழுலகின் புகழ்மிக்க பந்தல் எனலாம். ஆயினும் அது அருளாளன் அளித்தது, தோட்டக்காரன் தேர்ந்ததன்று. தோட்டக்காரன் முதலில் கொடியின் ஆயுளை நோக்க வேண்டும். புடல், பாகல், பீர்க்கு ஆகியவை ஒரு பருவத்தில் காய்த்து ஓய்பவை. இவற்றிற்கு மூங்கிற் கால்களும் தென்னங்கயிற்று வலையும் போதும். முல்லை, கோவை, திராட்சை ஆகியவை ஆண்டுக்கணக்கில் நின்று கனப்பவை. இவற்றிற்குக் கல்தூணும் இரும்புக் கம்பியும் வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் காணும் அவ்வெல்லை நாட்டில், கால்களை ஆழ ஊன்றாத பந்தல் முதற் காற்றிலேயே சாயும். உயரம் ஆளுயரத்திற்குச் சற்று மேலே இருத்தல் நன்று. புடல் தடையின்றித் தொங்கும், பறிப்பவரும் நிமிர்ந்து நிற்கலாம்.

அடுத்து, தோட்டக்காரன் தன் நிலையை நோக்க வேண்டும். மாற்றல் உத்தரவு எப்போது வருமோ என்றிருக்கும் நம்மில் பலருக்குக் கல்தூண் ஆகாது. அவிழ்த்துக் கட்டத்தக்க மூங்கிற் பந்தலே நமக்குரியது. வடநாட்டில் குளிர் வருமுன் காய்த்து முடியும் பாகலை அதில் ஏற்றலாம்.

அயல்மொழிச் சூழலில் வளரும் நம் பிள்ளைகளின் தமிழும் அத்தகைய கொடியே. அதற்குப் பள்ளி கல்தூணாக அமைவது அரிது; வீட்டுப் பேச்சே நாள்தோறும் கட்ட வேண்டிய பந்தல். காய் பறிக்கையில் பிள்ளைகளையும் உடன் அழையுங்கள். கொடி, தளிர், பிஞ்சு, பந்தல் என்னும் சொற்களை அவர்கள் அந்த நிழலிலேயே கற்றுக்கொள்வார்கள்.