ஒரே நூலில் ஆறு நிறம்: கோடு போட்ட சாக்ஸின் கதை

இந்த வாரம் ஒரு ஜோடி சாக்ஸைப் பத்திப் பேசலாம். கையால் பின்னின கம்பளி சாக்ஸ். சிவப்பு, நீலம், மஞ்சள்னு கோடுகள், நடுவில் புள்ளி புள்ளியா ஒரு வேலைப்பாடு. பார்த்தா ஐந்தாறு நூலை மாத்தி மாத்திப் பின்னியிருப்பாங்கன்னு தோணும். ஆனால் இருப்பது ஒரே நூல்தான். நிறம் மாத்துற வேலையைச் சாயம் போட்டவங்களே முடிச்சுட்டாங்க.

இதோட அருமை புரியணும்னா, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளுக்குப் போகணும். 17ஆம் நூற்றாண்டிலேயே அங்குள்ள பெண்கள் பின்னிய காலுறைகளை, ஹெர்ரிங் மீன் பிடிக்க வந்த டச்சுக்காரர்கள் வாங்கினார்கள். அந்தப் பெண்கள் ஓய்வா உட்கார்ந்து பின்னினாங்கன்னு நினைச்சுடாதீங்க. அடுப்பெரிக்கும் பீட் மண்ணை முதுகுக் கூடையில் சுமந்து, நடந்துகொண்டே பின்னினார்கள். இடுப்பில் துளைகள் போட்ட தோல் பட்டை கட்டி, ஊசியின் ஒரு முனையை அதில் செருகியிருப்பார்கள்.

இதற்கிடையே, 1589இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் கருவியைச் செய்துவிட்டார். அதன் வழிவந்த இயந்திரங்கள் சாதாரணக் காலுறையை மலிவாக்கின. கைக்கு மிஞ்சியது சிரமமான வேலைதான். உதாரணம், அங்கேயே உள்ள ஃபேர் ஐல் என்ற குட்டித் தீவின் பெயரைத் தாங்கிய பின்னல். அதில் ஒரு சுற்றில் இரண்டு நிற நூல். ஒன்று முன்னால் கண்ணியாக விழும்போது மற்றது பின்னால் போகும். ஒவ்வொரு கண்ணியையும் எண்ணணும். 1922இல் வேல்ஸ் இளவரசர் கோல்ஃப் ஆட அந்த ஸ்வெட்டரைப் போட்டு வந்த பிறகு அது பெரிய ஃபேஷனே ஆனது.

சரி, பின்னினவங்களுக்கு என்ன கிடைச்சது? 19ஆம் நூற்றாண்டில் பல கடைக்காரர்கள் காசு தரவில்லை. தேயிலை, துணி என்று சரக்காகவே கொடுத்தார்கள். இதற்கு ட்ரக் முறை என்று பெயர். அரசு விசாரணை நடந்து, 1872இல் அறிக்கை வந்தது. பின்னல்காரப் பெண்களின் சாட்சியங்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. கூலியாக வந்த தேயிலையைக் கொடுத்து, சாப்பாட்டுக்கு மாவு வாங்கியவர்களும் உண்டு.

இப்போ நம்ம நூலுக்கு வருவோம். தானே கோடு போடும் நூல் 1990களில் பரவியது. ஜெர்மனியின் ஓப்பல் அதில் பேர்போன பிராண்ட். பெரியவர் சாக்ஸின் ஒரு சுற்றுக்கு அறுபது கண்ணி சொச்சம், அரை மீட்டருக்கு மேல் நூல் பிடிக்கும். ஆக, ஆறு மீட்டருக்கு ஒரே நிறம் ஏத்தினா, எட்டு, ஒன்பது சுற்றில் ஒரு பட்டை விழும். இரண்டு நிறத்தைச் சின்னச் சின்னத் துண்டா மாத்தி மாத்தி ஏத்தினா, ஃபேர் ஐல் மாதிரியே புள்ளிகள் வரும். நூலுக்கு முன்கூட்டியே சாயமேற்றி வடிவம் கொண்டுவருவது போச்சம்பள்ளி சேலை கட்டியவங்களுக்குப் புதுசில்லை. ஆனால் இங்கே கண்ணி எண்ணிக்கை மாறினா கோடும் மாறும். குழந்தை சாக்ஸில் பட்டை அகலமாகும். குதிகால் பக்கம் கண்ணி கூடும் இடத்தில் ஒல்லியாகும். இரண்டு காலும் ஒரே மாதிரி வரணும்னா, நூலில் அதே நிறத்தின் அதே இடத்திலிருந்து தொடங்கணும்.

இந்த நூல் 1872இலேயே இருந்திருந்தா ஷெட்லாந்து பெண்களுக்கு விடிவு வந்திருக்குமா? எனக்கு அப்படித் தோணலை. வேலை சுலபம்னு சொல்லி, கடைக்காரர் தேயிலையைத்தான் குறைச்சிருப்பார். அவங்களுக்குத் தேவைப்பட்டது சுலபமான நூல் இல்லை, கையில் காசு. இந்த நூல் வந்தது, கடையில் சாக்ஸ் மலிவாகி, கூலிக்கு சாக்ஸ் பின்னுறவங்க அருகிப்போன காலத்தில். அதனால்தான் அது பொழுதுபோக்காகவே இருக்க முடிஞ்சது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.