கல்கத்தாவின் கீழ்த்திசைச் சதுப்பு நிலம்

நம் இல்லத்துப் பெண்மணிகள் சந்தையில் வாங்கும் காலிபிளவரும் கீரையும், வங்காள நண்பர்கள் விரும்பியுண்ணும் ரோகு, கட்லா மீன்களும் எங்கிருந்து வருகின்றன? அவற்றில் ஒரு பகுதி, நகரின் கிழக்கே விரிந்து கிடக்கும் சதுப்பு நிலத்திலிருந்து வருகின்றது. இந்நகரின் உப்பைத் தின்று வாழும் நாம் அதன் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் கடமையாகும்.

முன்னாளில் அப்பகுதி உவர்நீர் ஏரிகளாக இருந்தது. வித்யாதரி என்னும் ஆறு கடல் ஓதத்தை அங்குக் கொணர்ந்தது. அந்த ஆறு நாளடைவில் தூர்ந்துபோய், 1928-ஆம் ஆண்டில் இறந்த ஆறென அரசினரால் அறிவிக்கப்பெற்றது. உவர்நீர் வரத்துக் குன்றவே, நகரின் கழிவுநீரைக் குளங்களிற் பாய்ச்சி மீன் வளர்க்கும் முறையை அங்குள்ள மக்கள் கைக்கொண்டனர். அக்குளங்களுக்குப் ‘பேரி’ என்று பெயர். அருகிலுள்ள தாபாவில் நகரக் குப்பையை உரமாக்கிக் காய்கறி பயிரிட்டனர். அக்குப்பையை ஏற்றிச் செல்ல 19-ஆம் நூற்றாண்டிலேயே நகரசபை தனியாக இருப்புப்பாதை அமைத்திருந்தது என்பது, இருப்புப்பாதை ஊழியனாகிய எனக்கு வியப்பளித்த செய்தி.

ஆழமில்லாக் குளத்தில் தேங்கும் கழிவுநீரில் வெயில் பட்டுப் பாசி செழிக்கிறது, நோய்க்கிருமிகள் குறைகின்றன, பாசியை மீன் உண்கிறது. தெளிந்த நீர் நெல்வயலுக்குப் பாய்கிறது. இதற்குப் பெரும் இயந்திரமுமில்லை. அதனை ஓட்ட நிலக்கரியுமில்லை.

எனினும் நகரம் வளர வளரச் சதுப்பு நிலம் சுருங்கியது. 1962-இல் தொடங்கி ஹூக்ளி நதியின் வண்டலைக் கொட்டி, ஒரு பகுதியை மேடாக்கியே ஸால்ட் லேக் நகரை அமைத்தனர். எஞ்சியதன் அருமையை உலகிற்கு எடுத்துரைத்தவர் துருவஜோதி கோஷ் என்னும் பொறியியலார். 1992-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அந்நிலத்தை வேறு காரியத்திற்கு மாற்றலாகாதெனத் தடை விதித்தது. 2002-இல் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பெற்றது. 2006-இல் இதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது.

இன்று இதற்குப் புதியதொரு காரணமும் சேர்ந்துள்ளது. நம் ஊர்திகளும் மின் நிலையங்களும் கக்கும் கரியமில வாயு உலகைச் சுடவைக்கிறது. ஈரநிலத்துச் செடியும் பாசியும் அதனை உட்கொள்கின்றன. அவை மடிந்து சேற்றில் புதைந்தால், அங்குக் காற்றில்லாமையால் மெல்லவே மக்குகின்றன. கரியின் ஒரு பங்கு நெடுங்காலம் மண்ணிலேயே தங்குகிறது. சேற்றை உலர்த்தினாலோ அது மீண்டும் வானேறும். சதுப்பு நிலம் மீத்தேன் வாயுவையும் வெளிவிடும் என்பது மெய்யே. ஆதலின், சதுப்பு நிலம் உண்டென்று நாம் புகையைப் பெருக்கலாகாது. புகையைக் குறைத்துக்கொண்டே அதனையும் காத்தல் வேண்டும்.

சென்ற ஆண்டு தரகர் ஒருவர் மலிவான மனையொன்றைக் காட்டினார். பக்கத்தில் பாதி தூர்ந்த குளம். மறு பாதியில் ஒரு முதியவர் வலை வீசிக்கொண்டிருந்தார். சொந்த வீட்டின் ஆசை எனக்கும் உண்டு. ஆயினும் வாங்க மனம் ஒப்பவில்லை. அன்பர்களே, பிழைக்க வந்த நம்மை இந்நகரம் ஏற்றுக்கொண்டது. அதன் அழுக்கைச் சுமக்கும் நிலத்தைத் தூர்த்து நாம் வீடு கட்டுதல் முறையாகாது.